தெல்மோ வைத்த ஒப்பாரி

தெல்மோ பைலோனை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு கோழியின் மேல். கோழி கீழே, அவன் மேலே.

எங்கள் கிராமத்திலிருந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த முதல் ஆள் நான். அப்படிப்பட்டவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று, தலைமையாசிரியருக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு கொழுத்த கோழியின் காலைக் கட்டி, என் மடியில் வைத்து, பஸ் ஏற்றிவிட்டாள் அம்மா. கொடியேற்றத்துக்கு எல்லோரும் வரிசையாக நிற்கும் நேரத்தில் மைதானத்தின் நடுவில் கட்டு அவிழ்ந்தது. கோழி தேசியக் கொடியை நோக்கி ஓடியது. நான் கோழியை நோக்கி ஓடினேன். மொத்தப் பள்ளியும் சிரிப்பதற்கு வாயைத் திறந்தது. அப்போது வரிசையிலிருந்து ஒரு பெரிய உருவம் பிரிந்து, ஓடி, வழுக்கி, முந்தைய நாள் மழைச் சேற்றில் கோழியோடு சேர்ந்து விழுந்தது. சிரிப்பு முழுக்க அந்தப் பக்கம் போய்விட்டது.

சேறு வழிய எழுந்தவன் கோழியை என்னிடம் நீட்டினான்.

“உன் தங்கச்சியா? நல்லா ஓடுறா. எந்த கிளாஸ்?”

“ஹெட்மாஸ்டருக்கு...” என்று இழுத்தேன்.

“அப்போ அவளுக்கு சீட் கிடைச்ச மாதிரிதான். உன் பேர் என்ன?”

“கிலோவாட்.”

அவன் சிரிக்கவில்லை. எங்கள் மானாபி மாகாணத்தில் இதற்கெல்லாம் யாரும் சிரிப்பதில்லை. ஊருக்கு மின்சாரம் வந்த அன்று நான் பிறந்தேன், அப்பா அந்தப் பெயரை வைத்தார். என் பெரியப்பா மகன் பெயர் டிராக்டர்.

“நல்ல பேரு. கரண்ட் போனா உன்னைக் கூப்பிடறேன்,” என்றான் தெல்மோ.

கோழி கால் உடையாமல் தப்பியதும், நான் கேலிக்கு ஆளாகாமல் தப்பியதும் இப்படித்தான். அவன் வேண்டுமென்றே விழுந்தானா, வழுக்கி விழுந்தானா என்று பிற்பாடு கேட்டிருக்கிறேன். “என் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது,” என்பான்.

தெல்மோவின் அம்மா தோன்யா ஔரிஸ்தேலா பள்ளி வாசலில் கொர்விச்சே விற்றாள். வாழைக்காயையும் வேர்க்கடலையையும் பிசைந்து, உள்ளே மீன் வைத்துப் பொரிப்பது. விற்காததை மகன் தின்றான். விற்க இருந்ததையும் தின்றான். படிப்பில் சுமார், கணக்கில் அதற்கும் கீழே. ஆனால் ஒரு விஷயத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. வருஷக் கடைசியில் அவன் வைக்கும் ஒப்பாரி.

டிசம்பர் முடியும்போது பழைய துணியில் மரத்தூள் அடைத்துப் பொம்மை செய்து, அதைப் போகிற வருஷமாகப் பாவித்துக் கொளுத்துவோம். கொளுத்துவதற்கு முன்னால் ஒரு ஆண்பிள்ளை கறுப்புக் கவுனும் உதட்டுச் சாயமுமாக விதவை வேஷம் கட்டி, பொம்மையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். செத்தவன் யார், எப்படிப்பட்டவன், யாருக்கு எதை விட்டுப் போனான் என்று ஒப்பாரியில் சொல்வாள் விதவை. பள்ளியில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தைய மதியமே இதை வகுப்புகளுக்குள் போட்டியாக நடத்திவிடுவார்கள். பெற்றோர்களும் வருவார்கள். பதினான்கு வயதிலிருந்து எங்கள் வகுப்பின் விதவை தெல்மோதான். அவன் அழ ஆரம்பித்தால், வாசலில் ஐஸ் விற்கிறவர்கூட வண்டியை விட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவார்.

நாங்கள் கடைசிக்கு முந்தைய வகுப்பில் இருந்தபோது லெதிஸ் பினார்கோத்தே வந்து சேர்ந்தாள். அதற்கு முந்தைய வருஷம் நிலநடுக்கத்தில் கடலோரத்தில் அவள் வீடு இடிந்திருந்தது. எங்கள் ஊரில் ஒரு அத்தை வீட்டில் தங்கினாள். நிவாரணத் துணியில் அவளுக்குக் கிடைத்தது, மலைநாட்டிலிருந்து யாரோ நல்ல மனசோடு அனுப்பிய ஒரு பச்சைக் கம்பளி ஸ்வெட்டர். எங்கள் வெயிலுக்குக் கம்பளியைப் பார்த்தால் நாய்கூட ஓடும். அவளோ அதைத் தினமும் இடுப்பில் கட்டிக்கொண்டு வருவாள். எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

“இடிஞ்சதுக்கப்புறம் எனக்குன்னு மொத மொத வந்த சாமான் இது. வேர்க்குமேன்னு விட்டுடுவியா?” என்றாள்.

அவள் வகுப்புக்குள் வந்த முதல் நாள் மின்விசிறி ஒரு முனகலோடு நின்றுபோனது. அது பழைய கம்பியால் கட்டித் தொங்கவிட்ட விசிறி. எங்களுக்கு முந்தைய வகுப்பு, அதற்கும் முந்தைய வகுப்பு என்று எல்லோருக்கும் முனகிக் காட்டியிருக்கிறது. ஆனால் வகுப்புத் தலைவி ஜெசேனியா விசிறியைப் பார்த்தாள், லெதிஸைப் பார்த்தாள், பக்கத்துப் பெண்ணின் காதில் ஏதோ சொன்னாள். இடைவேளைக்குள் அந்த வார்த்தை பள்ளி முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. லெதிஸ் உப்புப் பிடித்தவள்.

எங்களூரில் ராசி கெட்ட ஆளுக்கு அதுதான் பெயர். உப்பு தொட்டால் ஒட்டும். வீடு விழுந்ததா? உப்பு. மாகாணத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் விழுந்திருந்தன, ஜெசேனியாவின் மாமா வீடு உட்பட. அதெல்லாம் நிலநடுக்கத்தால் விழுந்தது, லெதிஸ் வீடு மட்டும் லெதிஸால் விழுந்தது.

அதற்குப் பிறகு பள்ளியில் எது நடந்தாலும் காரணம் தயாராக இருந்தது. கால்பந்து இறுதிப் போட்டியில் தோற்றோம். லெதிஸ் பார்க்க வந்திருந்தாளே! பள்ளிச் சந்தையில் எங்கள் வகுப்பு போட்ட கடையில் பால்சோறு அடிப்பிடித்துக் கரியானது. லெதிஸ் அந்தப் பக்கமாக நடந்தாளே! அவள் உரசிவிட்டால், உப்பு ஒட்டாமலிருக்க மரத்தைத் தட்ட வேண்டும் என்று ஒரு சட்டமும் வந்தது. நாளடைவில் உரசாவிட்டாலும் தட்டினார்கள். அவள் வகுப்புக்குள் நுழைந்தால் பெஞ்சுகளிலிருந்து டக் டக் என்று சத்தம் எழும்பும், மரங்கொத்திக் கூட்டம் இறங்கின மாதிரி. மாதில்தே டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலை நிமிராமல் விடைத்தாள் திருத்துவார். “பசங்க விளையாட்டு,” என்பார். தட்டாத பிள்ளைகளும் இருந்தோம். நாங்கள் ஜன்னலைப் பார்த்தோம்.

தெல்மோ மட்டும் ஒவ்வொரு தட்டலுக்கும், “யாரது? உள்ள வாங்க!” என்று பின் பெஞ்சிலிருந்து உரக்கக் கத்துவான். முதலில் கோபித்தார்கள், பிறகு சிரித்தார்கள். ஆனாலும் தட்டுவது நிற்கவில்லை.

ஒருநாள் அவன் தன் பையைத் தூக்கிக்கொண்டு போய் லெதிஸ் பக்கத்தில் உட்கார்ந்தான். அங்கே அதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்த மாத்திரத்தில் பெஞ்சு மடக்கென்று உடைந்து இருவரும் தரையில் கிடந்தார்கள்.

“பாத்தீங்களா! பாத்தீங்களா!” என்று எழுந்து நின்று கத்தினாள் ஜெசேனியா. அவளுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைத்திருக்காது.

தரையிலிருந்தே தெல்மோ கையைத் தூக்கினான். “ஒரு நிமிஷம் ஜெசேனியா! இந்தப் பெஞ்சை உடைக்க நான் பிறந்ததிலேருந்து தின்னுட்டு வரேன். பாதி உழைப்பு எங்கம்மாவோடது. நேத்து வந்த பொண்ணுக்கு அந்தப் பேரைத் தூக்கிக் குடுக்கிறியே, நியாயமா?”

லெதிஸ் மரத்துண்டுகளுக்கு நடுவே இருந்து மெதுவாகச் சொன்னாள். “என் காலு மேல உக்காந்திருக்கே. அதையும் உன் உழைப்பில சேத்துக்கோ.”

அவளுக்கும் வாய் இருக்கிறது என்று வகுப்புக்கு அன்றுதான் தெரிந்தது. தெல்மோவுக்குப் பரம சந்தோஷம். தச்சரிடம் சொல்லி, தாங்குகிற பெஞ்சு ஒன்று போடச்சொல்லி, அங்கேயே குடியேறிவிட்டான். அவள் அவனுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தாள். அவன் அவளுக்குக் கொர்விச்சே கொண்டுவந்தான், பெரும்பாலும் பாதி. தேர்வன்று, “என் பேனாவைத் தொட்டுக் குடு,” என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்பான். அவன் ஃபெயிலாகித் திரும்பியதும் ஜெசேனியா புருவத்தைத் தூக்குவாள். “புத்தகத்தைத் திறக்காதவனுக்குப் போப்பாண்டவரே பேனாவைத் தொட்டுக் குடுத்தாலும் அதே மார்க்குதான்டி,” என்பான்.

டிசம்பர் வந்தது. பொம்மை யாராக இருக்க வேண்டும் என்று வகுப்பில் பேச்சு எழுந்தது. கோல்கீப்பர் ரூபேர் எழுந்து, “உப்புக்காரியையே செய்வோம். கொளுத்தினா கெட்ட ராசி எல்லாம் போயிடும், அடுத்த வருஷம் கப் நமக்குத்தான்,” என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். விளையாட்டாகவே கை தூக்கினார்கள். லெதிஸ் அன்று வரவில்லை. அவள் கொக்கியில் மாட்டிவிட்டு மறந்துபோயிருந்த பச்சை ஸ்வெட்டரை ஜெசேனியா எடுத்துக்கொண்டாள், பொம்மைக்குப் போட்டுவிட. எல்லாத் தலையும் தெல்மோ பக்கம் திரும்பியது.

“நீதான் அழணும்,” என்றான் ரூபேர். “நீ மாட்டேன்னா நான் கவுன் போடறேன்.”

தெல்மோ காலியான கொக்கியைப் பார்த்தான். பிறகு, “நான் அழறேன்,” என்றான்.

நான் அவனை வெளியே இழுத்துவந்து கேட்டேன். “டேய், நீயுமா? அவ போயிடுவாடா! மீன் டப்பா அடைக்கிற கம்பெனியில அவ அத்தை சொல்லி வச்சிருக்கு. ‘ஸ்கூல்ல இன்னும் ஒரு தொல்லைன்னா ஜனவரியில வேலைக்குத்தான்’னு அந்தம்மா கறாரா சொல்லிடுச்சு. உனக்குத் தெரியாதா?”

“எனக்குத்தான்டா மொதல்ல சொன்னா.”

“அப்புறம் எதுக்கு ஒத்துக்கிட்டே?”

“நான் மாட்டேன்னா ரூபேர் அழுவான். அவனுக்கு அழவும் வராது, நிறுத்தவும் வராது.” சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “கிலோவாட், செத்தது யாருன்னு சொல்ற உரிமை யாருக்கு? பொம்மை செஞ்சவனுக்கா, விதவைக்கா?”

“விதவைக்கு.”

“அவ்வளவுதான். வாயை மூடிட்டு எனக்கு ஒரு சீப்பு தேடிக் குடு.”

லெதிஸுக்கு இது எதுவும் தெரியாது. அடுத்த நாள் வந்தவளுக்கு இரண்டு செய்திகள் கிடைத்தன: ஸ்வெட்டர் போன இடம், அழப்போகிற ஆள். தெல்மோ வாயைத் திறப்பதற்குள் தன் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். தாங்குகிற பெஞ்சில் தெல்மோ தனியாக உட்கார்ந்திருந்தான். யாரோ தட்டினார்கள். அவன், “உள்ள வாங்க,” என்று சொல்லவில்லை.

விழா மதியம் தோன்யா ஔரிஸ்தேலா தன் கறுப்புக் கவுனைக் கொண்டுவந்தாள். புருஷன் செத்தபோது தைத்தது. “அந்த மனுஷன் இருந்தா இதைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு. கிழிச்சே, பொம்மைக்குப் பதிலா உன்னைக் கொளுத்துவேன்,” என்று சொல்லிக்கொண்டே மகனுக்கு உதட்டுச் சாயம் பூசினாள்.

மைதானம் நிறைந்திருந்தது. நடுவில் நாற்காலியில் பச்சை ஸ்வெட்டரும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட பொம்மை. கழுத்தில் ‘உப்புக்காரி’ என்று எழுதிய தாள். லெதிஸ் வாசல் கதவோரம் பையைத் தோளில் மாட்டியபடி நின்றாள். ஸ்வெட்டரைக் கேட்டு வாங்கவா, விட்டுவிட்டுப் போகவா என்று முடிவு செய்யாதவள் மாதிரி ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

விதவை வந்தாள். மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள். நாற்காலிக்கு முன் மண்டியிட்டாள். மூக்கு ஒழுகியது. சுற்றிலும் துணி தேடினாள், கிடைக்கவில்லை. பொம்மையின் கழுத்திலிருந்த தாளைப் பிடுங்கி, பெரிய சத்தத்தோடு மூக்கைச் சிந்தி, கசக்கிக் கவுனுக்குள் போட்டுக்கொண்டாள். அதை எழுதியிருந்த ஜெசேனியாவின் முகம் அஷ்டகோணலாகியது. பிறகு தொடங்கியது ஒப்பாரி.

“ஐயோ தெல்மோ! என் தொந்தி ராசா! என்னைத் தவிக்க விட்டுட்டுப் போயிட்டியே!”

கூட்டம் திகைத்தது. தெல்மோவா?

“பத்துப் பேர் சோத்தை ஒத்தையாத் தின்னியே, பாவி மனுஷா! பாடைக்கு ஆள் தேடறேனே, தூக்க ஒருத்தனும் வரலியே! பெஞ்சை உடைச்சியே, பேரை இன்னொருத்தி மேல போட்டாங்களே! கணக்குல முட்டை வாங்கினியே, அந்த முட்டையையும் எனக்குக் குடுக்காம நீயே பொரிச்சுத் தின்னியே!”

ஐஸ்காரர் வண்டியை விட்டுவிட்டு வந்தார். பெற்றோர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நல்ல நேரம் பார்த்து விதவை கண்ணைத் துடைத்தாள்.

“செத்தவன் சொத்தைப் பிரிச்சுட்டுத்தான் போனான். ரூபேரு, முன்னால வாடா கண்ணு! இறுதிப் போட்டியில கோல் கம்பத்துல சாஞ்சு போட்டோவுக்குத் தலை சீவிக்கிட்டு நின்னியே, பந்து உன் காலு நடுவுல போச்சே! இந்தா, சீப்பு உனக்கு!”

என் சீப்பு அது. திரும்பி வரவில்லை.

“ஜெசேனியா! அடுப்புல பாலை வச்சிட்டு, பக்கத்துக் கடையில கதை பேசப் போனியே! இந்தா, கரிஞ்ச கரண்டி! ஹெட்மாஸ்டர் ஐயா, விசிறியைக் கட்டின கம்பி உங்களுக்கு. ரெண்டு வருஷமா ‘புதுசு வருது, வருது’ன்னு சொன்னீங்களே, அதுவரைக்கும் இதைப் பிடிச்சிக்கிட்டு நில்லுங்க!”

எல்லோரும் கண்ணால் பார்த்த விஷயங்கள். யாருடைய வீட்டுக் கதையும் அதில் இல்லை. வருஷம் முழுக்க லெதிஸ் தலையில் ஏற்றிய ஒவ்வொரு மூட்டையும் அதன் சொந்தக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்தது, எல்லோரும் சிரிக்கச் சிரிக்க. ரூபேரே சிரித்துக்கொண்டு சீப்பால் தலையை வாரிக்கொண்டான்.

கடைசியாக விதவை பொம்மையின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“இது மாதில்தே டீச்சருக்கு. உங்க பழைய கண்ணாடியில எல்லாம் தெரியுது டீச்சர், அதான் பாவம் குனிஞ்சிக்கிட்டே இருக்கீங்க. இதைப் போட்டுக்கிட்டா நிமிந்து உக்காந்தாலும் ஒண்ணும் தெரியாது.”

யாரும் சிரிக்கவில்லை. விதவை கண்ணாடியை நீட்டியபடியே நின்றாள். டீச்சர் எழுந்து வந்தார். கண்ணாடியை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எனக்கு வேண்டாம்பா,” என்று சொல்லி அதை விதவையின் மூக்கிலேயே மாட்டிவிட்டு, கதவோரம் நின்ற லெதிஸை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

அந்த அமைதியில்தான் கதவுப் பக்கமிருந்து குரல் வந்தது.

“நிறுத்துடி உன் நடிப்பை! அந்தாளுக்கு மூத்த தாரம் நான் இருக்கேன்!”

லெதிஸ் பையைக் கீழே போட்டுவிட்டு நேராக நடந்து வந்தாள். எங்கள் பள்ளியில் ஒரு பெண் அதுவரை விதவையாக வந்ததே இல்லை. அது ஆண்பிள்ளைகள் கட்டுகிற வேஷம். தெல்மோவின் வாய் திறந்தபடி நின்றது. அப்படி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“மூ... மூத்த தாரமா?” என்றான். பிறகு சுதாரித்தான். “எங்கடி இருந்தே இத்தனை நாளு? அவரைக் கட்டிக்கிட்டு நீ என்ன சுகத்தைக் கண்டே?”

“என்னத்தைக் கண்டேன்! பக்கத்துல உக்காந்தாரு, பெஞ்சு உடைஞ்சுது. எழுந்தாரு, என் காலு உடைஞ்சுது. எனக்கு வந்த கெட்ட ராசி அத்தனையும் இந்த மனுஷன்தான்!”

மைதானம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. தோன்யா ஔரிஸ்தேலா அழுகிற அளவுக்குச் சிரித்தாள்.

“கழட்டு அந்த ஸ்வெட்டரை! அது எனக்கு வந்த பங்கு!” என்றாள் லெதிஸ்.

“வேர்க்குமேடி!”

“வேர்க்கட்டும்!”

இரண்டு விதவைகளும் பொம்மையைப் பிடித்து இழுத்தார்கள். மரத்தூள் பறந்தது. ஸ்வெட்டர் அவள் கைக்குப் போனது, கவுன் கைப்பக்கம் கிழிந்தது. அம்மணமாய்க் கிடந்த பொம்மைக்குத் தெல்மோ கழற்றி வைத்திருந்த தன் சட்டையைப் போட்டுவிட்டான். அதைக் கொளுத்தும்போது இரண்டு பேரும் தோளோடு தோள் சேர்ந்து ஒப்பாரி வைத்தார்கள். எங்கள் வகுப்புக்குத்தான் முதல் பரிசு.

ஜனவரியில் லெதிஸ் வந்தாள். அத்தையும் கூட்டத்தில் இருந்ததாகவும், வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சிரித்ததாகவும், மீன் கம்பெனிப் பேச்சை எடுக்கவே இல்லை என்றும் சொன்னாள். நேராகத் தாங்குகிற பெஞ்சுக்குப் போய், “தள்ளி உக்காரு,” என்றாள். பழக்க தோஷத்தில் எங்கோ ஒரு டக் சத்தம் கேட்டது. தெல்மோ வாயைத் திறப்பதற்குள் ரூபேர் எரிச்சலோடு திரும்பி, “யாருடா அது? உள்ள வா, இல்ல வெளியே போ!” என்றான். அதற்குப் பிறகு தட்டல் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. விசிறி மட்டும் அந்த வருஷமும் முனகியது. ஜெசேனியா ஈஸ்டர் வரை எங்களோடு பேசவில்லை. அதற்குப் பிறகு பேசுவதை நிறுத்தவில்லை.

நான் பல்கலைக்கழகம் போய் வேளாண் பொறியாளன் ஆனேன், எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். அது வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கிறது. யார் தண்ணீர் கேட்டாலும் அம்மா முதலில் பட்டத்தைக் காட்டிவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பாள். பட்டமளிப்பு அன்று மேடையேறும்போது என் கால் இடறியது. கூட்டத்தில் எங்கிருந்தோ ஒருவன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது. எல்லோரும் அங்கே திரும்பிப் பார்த்தார்கள். யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

லெதிஸ் செவிலியர் படிப்பு முடித்து எங்கள் ஊர் சுகாதார நிலையத்திலேயே வேலை பார்க்கிறாள். அவளும் தெல்மோவும் கல்யாணம் செய்துகொண்டார்களா என்று கேட்காத ஆளில்லை. “ஒரே புருஷனுக்கு ரெண்டு பேரும் விதவை. அதுக்கு மேல உறவு வேணுமா?” என்று இருவருமே சொல்வார்கள். அவள் ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டாள்.

தெல்மோ பைலோன் இப்போது அம்மாவின் கொர்விச்சே வண்டியை அதே பள்ளி வாசலில் நடத்துகிறான். கணக்குத் தாளைக் கடைசிவரை பாஸ் செய்யவில்லை.